நான் விட்ட ஐந்தாவது பெயர்

காந்திபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், விடிந்தும் விடியாத நேரம். சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக் கட்டின் சணல் கயிற்றை ஏஜென்ட் பிளேடால் அறுக்கிறார். ஈர மை வாசனையும் டீக்கடை பாய்லர் புகையும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. நான் கையில் சிவப்புப் பென்சிலோடு நிற்கிறேன். பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவனுக்கும் எனக்கும் அப்போது பெரிய வித்தியாசமில்லை.

ஏஜென்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, பரீட்சை ரிசல்ட்டுங்களா?"

"இல்லீங்க. சினிமா அவார்டு நாமினேஷனுங்க."

"நீங்க நடிச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க இந்தக் குளுர்ல இப்படி வேர்க்குது?"

நியாயமான கேள்வி. பதில் கேட்க அவருக்கு நேரமில்லை. எனக்குச் சொல்ல இந்த வாரம் நேரம் இருக்கிறது.

முந்திக்கொண்ட ஆசாமி

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். பகலில் நான் கோவை கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் கடிதக்காரன். பணம் அனுப்பாத வியாபாரிகளுக்கு, அவர்கள் மனம் நோகாதபடி திட்டி எழுதுவது என் வேலை. சாயங்காலத்தில் நான் சினிமா நிபுணன். கோவையில் வந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பத்திரிகையில் வாரம் ஒரு பத்தி எழுதினேன்.

சென்னையில் ஒரு சினிமா வார இதழ் வருஷா வருஷம் விருது கொடுத்து வந்தது. நடிகர், நடிகை, இசை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் முதலில் ஐந்து பேரை அறிவிப்பார்கள். பிறகு விழா வைத்து ஒருவருக்குக் கொடுத்து, மற்ற நால்வரைக் கைதட்ட வைப்பார்கள். அந்த ஐந்து பேர் யார் யார் என்று முன்கூட்டியே எழுதுவதுதான் என் பத்தியின் வருடாந்திர உற்சவம். பட்டியல் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சரியானதற்கு டிக், தப்பானதற்கு இன்ட்டு போட்டு மறுவாரம் வெளியிடுவேன். எனக்கு நானே பரீட்சை வைத்து நானே திருத்தி, ஊரைக் கூட்டி மார்க் சொல்லும் ஏற்பாடு.

கர்வம் இல்லாமல் சொல்கிறேன், பெரும்பாலும் பாஸ். கர்வத்தோடு சொன்னால், டிஸ்டிங்ஷன்.

கணபதி லேத் பட்டறைகளில் என்னைப் பார்த்து எழுந்து நின்றவர்கள் உண்டு. "அடுத்த எலெக்‌ஷனுக்கும் எழுதுங்க" என்று கேட்டவர்கள் உண்டு. நான் உலக சினிமாப் புத்தகங்களையெல்லாம் கரைத்துக் குடித்ததால்தான் இது சாத்தியம் என்று பலர் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையில் என் சூத்திரத்துக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமே கிடையாது.

கல்யாணப் பத்திரிகைச் சூத்திரம்

அது எனக்கு என் கல்யாணத்தில் கிடைத்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஒரு பகுதி இருக்கும். நடுத்தர கிராமத்தின் வாக்காளர் பட்டியல் நீளத்துக்குப் பெயர்கள். அதில் பொங்கலூர்ப் பெரியப்பாவின் பெயர் விட்டுப்போயிற்று. பெரியப்பா சண்டை போடவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்தார். வாழைமரம் கட்டினார். பந்தியில் நின்று, "இன்னொரு கரண்டி வாங்கிக்கோங்க" என்று அத்தனை பேரையும் உபசரித்தார். அவர் மட்டும் சாப்பிடவில்லை. மண்டபத்துக்கு எதிர்க்கடையில், வந்தவர் போனவர் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்று, சோடா குடித்தார். அந்த ஒரு சோடாவை முகூர்த்தம் முடியும்வரை குடித்தார்.

அன்றுதான் எனக்கு ஞானம் பிறந்தது. ஒரு பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. விட்டுவிட்டால் யார் சோடா குடிப்பார்கள் என்றுதான் யோசிக்கிறார்கள்.

விருதுக் கமிட்டியும் மனிதர்கள்தானே? ரசிகர் மன்றம் வைத்திருக்கும் மூத்த நடிகரை விடமுடியாது. தயாரிப்பாளரின் மைத்துனரை விடமுடியாது. இந்த நடிகையை விட்டால் அவருடைய அம்மா போன் செய்து, காதில் ரத்தம் வரப் பேசுவார். 'யார் கோவித்துக்கொள்வார்?' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஐந்து ஐந்தாகப் பெயர்களை அடுக்கினேன். சென்னையும் அப்படியே அடுக்கியது.

சரசு செய்த வேலை

என் பத்தியைத் தவறாமல் படித்தவர்களில் வெள்ளகோவிலில் இருந்த என் மாமனார் செல்லமுத்துவும் ஒருவர். முருங்கைத் தோட்டமும் ஒரு எண்ணெய்ச் செக்கும் அவருக்கு. சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்து இருபது வருஷம் இருக்கும். ஆனாலும் மறுநாள் காலை பஸ்ஸில் வரும் எங்கள் மாலைப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். அவருடைய சின்ன மகள் சரசுதான் காரணம்.

சரசு என் மனைவி ருக்மணியின் தங்கை. வானொலி நாடகங்களில் ஆரம்பித்து, சென்னையில் சித்தி வீட்டில் தங்கி, படங்களுக்குக் குரல் கொடுத்து வந்தாள். அப்போது கதாநாயகிகள் பம்பாயிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயசைப்பார்கள், சிலர் வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். தமிழை இவள் போடுவாள். காலையில் ஒருத்திக்காக அழுது, மத்தியானம் இன்னொருத்திக்காகச் சிரித்து, சாயங்காலம் மூன்றாமவளுக்காக நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்துவிட்டு, பஸ் பிடித்துச் சித்தி வீட்டுக்குப் போவாள்.

மாமனாருக்கு இதில் கோபமில்லை. சங்கடம்தான்.

"ஊருல கேக்கறாங்க மாப்ள. என்ன வேலைன்னு நா சொல்றதுங்க? அடுத்தவங்க வாயில பேசுதுன்னு சொல்றதுங்களா?"

கடைசியில் ஒரு கெடு வைத்தார். "ஒரு வருசம் பாக்கட்டுமுங்க. அந்த வேலைக்கு நாலு பேரு மதிப்புக் குடுத்தாச் சரி. இல்லீன்னா தையில கல்யாணம்."

மாப்பிள்ளையும் தயார். சரவணம்பட்டி. இன்றைய சரவணம்பட்டி இல்லை. கம்ப்யூட்டருக்குப் பதில் சோளம் விளைந்த காலத்துச் சரவணம்பட்டி. நல்ல குடும்பம். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு பெண் சென்னைக்குப் போகக்கூடாது.

அந்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் எடுத்த ஒரு படம் வந்தது. கதாநாயகி பம்பாய்ப் பெண். பெயரை எழுதமாட்டேன், இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார், நிம்மதியாக இருக்கட்டும். படத்தில் அவர் நம்ம ஊர் விவசாயி மகள். குரல் சரசு.

வசனம் எழுதியவர் வேறு ஜில்லாக்காரர். கொங்குப் பேச்சு என்றால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுவிட வேண்டியது என்று முடிவு கட்டி, கதாநாயகி எருமையை ஓட்டும் காட்சியில்கூட, 'தள்ளிப் போங்க' என்று எழுதியிருந்தார். குரல் பதிவுக்கூடத்தில் சரசு நிறுத்திவிட்டாளாம்.

"எருமைக்கு ஆருங்க மரியாதை குடுப்பா?"

"எழுதியிருக்கிறதை நீ பேசும்மா" என்றாராம் வசனகர்த்தா.

"பேசுனா எங்கூர்ல ஸ்கிரீனக் கிழிச்சுப்போடுவாங்க."

அப்புறம் அவளையே பேசவிட்டார்கள். எருமையிடம் பிடுங்கிய மரியாதையை அவள் சண்டைக் காட்சியில் சேர்த்தாள். நாங்கள் ஒருவனைத் திருடன் என்று சொன்னாலும் 'நீங்க ஒரு திருடனுங்க' என்றுதானே சொல்வோம்?

யார் கோவித்துக்கொள்வார்?

இந்த நிலையில்தான் நான் அந்த வருஷத்துக் கணிப்பை எழுத உட்கார்ந்தேன்.

குரல் கொடுப்பவர்களுக்கு அந்த விருதில் பிரிவே கிடையாது. ஆகவே சரசுவின் பெயர் வர வழியில்லை. சிறந்த நடிகைக்கு ஐந்து பேர் வேண்டும். பம்பாய்ப் பெண்ணைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். மன்றம் இல்லை, மைத்துனர் இல்லை, தமிழ் பேசத் தெரிந்த அம்மா இல்லை. விட்டால் ஒருவரும் சோடா குடிக்கமாட்டார்கள். ஐந்தாவது இடத்தில் வேறொருவரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்தி வந்த மறுநாள் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போன்.

"மாமா, சரசு பேசறேனுங்க. அக்கா சொல்லுச்சு, அந்தப் புள்ளையப் போடலீங்களா?"

"எப்பிடிம்மா போடறது? அதுக்காகக் கோவிச்சுக்க ஆரு இருக்கறா?"

"நா இருக்கறேனுங்க."

அவளே தொடர்ந்தாள்.

"அவ நல்லாப் பண்ணியிருக்கறா மாமா. அவ மொகம் சரியில்லீன்னா நா பேசறது ஒட்டாதுங்க. சரி, வெச்சர்றேன். மீட்டர் ஓடுது."

அவள் தனக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை ரிசீவரை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும் வந்தது. என் மனைவி பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா உங்க பேப்பரப் படிச்சாருங்களாம். 'மாப்ளையே அந்தப் படத்தைச் சேத்தல. அப்பறம் ஊரு எங்க மதிக்கப் போவுது'ன்னு மடிச்சு வெச்சுட்டாருங்களாம். சரவணம்பட்டிக்கு ஆள் உட்டுருக்கறாரு."

"நான் என்ன பண்ணட்டும்? கணிப்புன்னா கணிப்புத்தானே?"

"அஞ்சு பேருல ஒருத்திய அவங்கம்மாவுக்குப் பயந்துதான போட்டீங்க? என்ற அம்மாவுக்கு மட்டும் ஏனுங்க பயப்படல?"

இத்தனை வருஷத்தில் என் சூத்திரத்தின் மீது வைக்கப்பட்ட ஒரே அறிவார்ந்த விமர்சனம் அதுதான்.

சிவப்பு இன்ட்டு

ஆகவே காந்திபுரத்தில் எனக்கு வேர்த்தது.

கட்டு பிரிந்தது. முதல் பிரதி என் கையில். சிறந்த நடிகர்: ஐந்துக்கு ஐந்து, மைத்துனர் உட்பட. டிக், டிக், டிக். இசை: ஒன்று தவிர எல்லாம் சரி. இயக்குநர்: நான் எழுதிய வரிசையிலேயே வந்திருந்தது, திருடிவிட்டார்களோ என்று சந்தேகம்கூட வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சிறந்த நடிகை. முதல் நாலும் டிக்.

ஐந்தாவது, பம்பாய்ப் பெண்.

அவர் படத்துக்குக் கீழே பத்திரிகை நாலு வரி எழுதியிருந்தது. நடிப்பைப் பற்றி ஒன்றுமில்லை. வடக்கே பிறந்த பெண் கோவை மண்ணின் பேச்சை இவ்வளவு இயல்பாகப் பேசுகிறாரே, கொஞ்சும்போது ஒரு ராகம், கோபத்தில் ஒரு ராகம் என்று, நாலு வரியும் பேச்சைப் பற்றியே வியந்திருந்தது. அந்தப் பெண் படத்தில் ஒரு சொல் பேசவில்லை.

என் பத்தியில் நான் கணித்திருந்த ஐந்தாவது பெயரின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு இன்ட்டு போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. வாய்விட்டு ஏதோ கத்தியிருக்கவேண்டும். ஏஜென்ட் எட்டிப் பார்த்தார்.

"பெயிலுங்களா?"

"ஆமாங்க! பெயிலுங்க!"

"அதுக்கு ஏனுங்க இந்தக் குதி குதிக்கறீங்க?"

என் கணிப்பு வாழ்க்கையில் அத்தனை டிக்கும் இப்போது மறந்துபோயிற்று. அந்த இன்ட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒருவரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அந்தக் குரல் கமிட்டிக்காரர்களின் காதைப் பிடித்து இழுத்திருக்கவேண்டும். கம்பெனிக்கு லீவு சொல்லாமல், வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் பஸ்ஸில் ஏறினேன்.

படம் கேட்டவர்

மாமனார் செக்கில் இருந்தார். கடலைப் புண்ணாக்கின் சூடான வாசனை. பத்திரிகையை வாங்கி, அந்த நாலு வரியை விரல் வைத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதுல போட்டிருக்கறதெல்லாம் ஆரு பேசுனதுங்க?"

"சரசு பேசுனதுங்க மாமா. முச்சூடும்."

"பேரு அந்தப் புள்ளைக்கு."

"ஆமாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "அப்ப அந்தப் படத்தை ஒருக்காக் கேக்கோணும்" என்றார். பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை.

நாமினேஷன் வந்த புண்ணியத்தில், அடுத்த வாரமே கணபதிப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிற தோரணை. விளக்கு அணைந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

கதாநாயகி பேசும்போதெல்லாம் அவர் தலை மெல்ல ஆடியது. எருமைக் காட்சியில் தியேட்டரே சிரித்தது. இவரும் மூடிய கண்ணோடு சிரித்தார். பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம், "பெரியவரு தூக்கத்துல சிரிக்கறாருங்க" என்று கவலைப்பட்டார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கதாநாயகி வீட்டை விட்டு வெளியூர் கிளம்புவாள். அப்பன் வாசலைப் பார்க்காமல் திரும்பி நிற்பான். பின்னணி இசை இல்லை. குரல் மட்டும்.

"அப்பா, நா போய்ட்டு வாரேனுங்க."

திரையில் இருந்த அப்பன் பதில் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சத்தமாக, எங்கள் வரிசை, முன்வரிசை எல்லோருக்கும் கேட்கும்படி.

"போய்ட்டு வா கண்ணு. பாத்துப் போ."

ஒரு விசில் வந்தது. "பெருசு, அது சினிமாங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் கண்ணைத் திறந்தார். திரை முழுக்கப் பம்பாய்ப் பெண்ணின் முகம். பதறிப்போய் உடனே மூடிக்கொண்டார்.

இடைவேளையில் போண்டா வேண்டாம் என்றார்.

"மாப்ள, இத்தனை சனமும் புள்ளை பேசறதைக் கேட்டுட்டு மூச்சுக்காட்டாம உக்காந்திருக்குதுங்களே."

"ஆமாங்க மாமா."

"என்ற பேச்சை எங்கூட்டுலயே ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லீங்க."

படம் முடிந்து வெளியே வந்ததும் எஸ்.டி.டி. பூத் எங்கே என்று கேட்டார். சரவணம்பட்டிக்கு அவரே பேசினார். "தையில தோதில்லீங்க. புள்ளைக்கு மெட்ராசுல வேலை கெடக்குதுங்க." அப்புறம் தானாக ஒரு போண்டா வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளகோவிலில் ஒரு பம்பாய்

மாமனார் எதையும் பாதியில் நிறுத்துகிறவரல்ல. ஊர் கேட்கிறது என்பதுதானே அவர் சங்கடம்? ஊருக்குச் சொல்லிவிட முடிவு செய்தார். காங்கயம் ரோட்டைப் பார்த்த செக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பெயின்டரை வரவழைத்து வாழ்த்து எழுதினார்.

மரியாதை தெரிந்த மனிதர். வெளியூர் விருந்தாளிக்கு முதலிடம். ஆகவே ஆளுயரச் சிவப்பு எழுத்தில் பம்பாய் நடிகையின் பெயர். அதற்குக் கீழே நீலத்தில், 'அன்புடன் வாழ்த்தும் செல்லமுத்து'. பெற்ற மகளைத் தானே புகழ்வது முறையல்ல என்பதால், தரையை ஒட்டி, ஒரு சாண் உயரத்தில், அந்தப் படத்தில் குரல் கொடுத்தது சரசு என்று ஒரே வரி. அந்த இடத்தில்தான் தினமும் சந்தைக்குப் போகும் முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்குவார்கள்.

ஊர் மேல் இரண்டு வரியை மட்டும் படித்தது. இருபது வருஷமாகக் கொட்டகைப் பக்கம் போகாத செல்லமுத்துவுக்கு இந்த வயதில் பம்பாய்ப் பெண் மேல் என்ன அன்பு என்று ஆராய்ந்தது. "உங்க அத்தைக்குத் தெரியுமுங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். பஸ்காரர்கள் அந்த நிறுத்தத்துக்குப் 'பம்பாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விருது, வேறொரு நடிகைக்குப் போயிற்று. நான் டிக் போட்ட நால்வரில் ஒருவருக்கே. அந்த வாரம் என் பத்தியை நானே படிக்கவில்லை.

பொங்கலுக்குச் சரசு சென்னையிலிருந்து வந்தாள். கோவையில் இறங்கியவளை நாங்கள் வெள்ளகோவில் அழைத்துப் போனோம். பஸ்ஸில் பொங்கல் நோம்பிக் கூட்டம். கரும்பும் மஞ்சள் கொத்தும் மடியில் வைத்துக்கொண்டு ஜனங்கள். சுவரைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"பம்பாயெல்லாம் எறங்குங்க!"

சரசு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்க, இங்க எப்பங்க பம்பாய் வந்துச்சு?"

கண்டக்டர் சட்டென்று திரும்பினார். அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். அங்கே நான்தான் இருந்தேன். ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு சரசுவைப் பார்த்தார்.

"அம்மணி, இன்னொருக்காச் சொல்லுங்க."

"சித்த வழி உடுங்க. எறங்கோணும்."

முன் இருக்கையில் தலைகள் திரும்பின. யாரோ ஒரு பெண், "அதே கொரலு" என்றாள். சரசு இறங்கினாள்; கண்டக்டரும் பின்னாலேயே இறங்கினார், அவருக்குப் பின்னால் பாதி பஸ்ஸும். சுவரோரம் முருங்கைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவரே, இந்த அம்மணி ஆருங்க?"

மாமனார் குனிந்தார். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். சுண்ணாம்பும் புழுதியும் படிந்த கடைசி வரியைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ற மவளுங்க. அந்தப் படத்துல பேசுனது இவதானுங்க. பேசறதுதானுங்க வேலை."

டிரைவர் ஹாரன் அடித்தார். இறங்கி நின்று படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் ஏறவில்லை.